பெர்த்ரியேலின் வலது கை

நர்சீஸ் பெர்த்ரியேல் இசைச் சோதனையன்று குடித்துவிட்டு வந்தார் என்கின்றன பாரீஸின் பாதிக் கஃபேக்கள். மீதிப் பாதி, பியானோ மேலேயே வாந்தியெடுத்தார் என்கின்றன. என் பத்திரிகைப் பத்திக்கு இரண்டுமே நல்ல தீனி. ஆனால் பொய்யை அச்சேற்றுமுன் விசாரித்துத் தொலைப்பது என் கெட்ட பழக்கம்.

பெர்த்ரியேல் எங்கள் நகர நாடக அரங்கில் கொம்பு ஊதியவர். பழைய வெறுங்கொம்பு. தானாக வராத சுரங்களை, கொம்பின் விரிந்த வாய்க்குள் வலது கையை விட்டு மூடி, சுரத்தை இறக்கித்தான் வரவழைக்க வேண்டும். இருபது வருடம் இறக்கினார். புது இயக்குநர் வந்தார். இனி எல்லோருக்கும் பிஸ்டன் வைத்த கொம்பு, சோதனையில் தேறாதவர் வெளியே என்றார். அதில் இடது கை விரலால் பிஸ்டனை அழுத்தினாலே சுரம் இறங்கிவிடும்; மூடுவதற்கு வலது கை தேவையில்லை. குளிர்காலம் முழுக்கப் பெர்த்ரியேல் புதுக்கொம்போடு மல்லுக்கட்டினார்.

சோதனையில் அவருக்குப் பியானோ வாசித்த ஓதீல் ப்ருஷாரிடம் போனேன்.

"குடிச்சாரா? போங்க முசியே! கை நடுங்கும்னு காபிகூடத் தொடல."

"பின்ன என்னதான் ஆச்சு?"

"முதல் பக்கம் நல்லாத்தான் போச்சு. மெதுவான இடம் வந்ததும் சொக்கிப்போய் கண்ண மூடிட்டார். இடது கை பிஸ்டன அழுத்துது, வலது கை யாரும் கூப்பிடாமலே உள்ள போய் மூடுது. ஒரே சுரத்த ரெண்டு கையும் இறக்கினா எங்க போய் நிக்கும்?"

"பாதாளத்துல."

"சிரிக்காதீங்க. அந்தப் பாதாளத்துக்கு நான்ல பியானோ வாசிச்சேன்! இயக்குநர் பாதியிலேயே நிறுத்தி, தூங்கித் தெளிஞ்சு வாங்கன்னுட்டார். எனக்கு ஒரு கிளாஸ் வைன் தரேன்னு பெர்த்ரியேல் சொன்னாரே, அதையாவது கேட்டுப் பாருங்க."

பெர்த்ரியேல் இப்போது மைத்துனரின் கரிக்கடையில். ஒரு பக்கம் கரி, மறுபக்கம் வைன் பீப்பாய்.

"குடிகாரன்னு ஊரே சொல்லுதே, மறுக்கக் கூடாதா?"

"எதுக்கு? குடிகாரன்னா மன்னிச்சு மறுபடி கூப்பிடுவான். கை பேச்சு கேக்காதவன எவன் கூப்பிடுவான்?"

"கூப்பிட்டாங்களா?"

"போன மாசம் கூப்பிட்டாங்க." கரி படிந்த வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "அதே இடத்துல, அதே வேலைய பண்ணுச்சு. இனி கூப்பிட மாட்டாங்க. நீங்க தாராளமா எழுதுங்க."

"மத்மசேல் ப்ருஷார் அந்த வைனைக் கேட்டாங்க."

அவர் முதுகுக்குப் பின்னால் பீப்பாய்கள் வரிசையாக இருந்தன. அவர் திரும்பவில்லை.

"வாசிச்சு முடிச்சதும் தரேன்னுதான் சொன்னேன், முசியே. இன்னும் முடிக்கலையே."