முழுசா கேக்கல

பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக் கூடத்தில் நாங்கள் பதினான்கு பேர் வேலை செய்கிறோம். இஸ்திரி ரோலரில் இருந்தவளை எல்லோரும் கறாரக்கா என்போம். விரிப்பின் ஓரம் ஒரு விரல் கோணினாலும் திரும்ப நனைத்துப் போடச் சொல்வாள். பத்தொன்பது வருஷமாக அந்த ரோலர் அவள் கையில்தான். நான் எதிர் மேஜையில் துண்டு மடிப்பவள். நடந்ததில் பாதியை என் கண்ணால் பார்த்தேன், மீதியை அவளே சொன்னாள்.

ரோலர் என்பது இரண்டு ஆள் நீளத்துக்குச் சூடான உருளை. ஈர விரிப்பை முன்னால் கொடுத்தால் பின்னால் மொடமொடவென்று வரும். கை போகும் இடத்துக்கு மேலே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. அதில் விரல் பட்டால் உருளை சட்டென்று நின்றுவிடும். அந்தக் கம்பி பழுதாகிப் பதினொரு நாள் ஆகியிருந்தது. கறாரக்கா மூன்று தடவை சூப்பர்வைசரிடம் சொன்னாள். "மெக்கானிக்கிட்ட சொல்லியாச்சு, வந்துடுவாரு" என்று மூன்று தடவையும் ஒரே பதில்.

பன்னிரண்டாம் நாள் விரிப்பு ஒன்று உருளைக்குள் சுருண்டு சிக்கியது. சூப்பர்வைசர் சுவரோரச் சுவிட்சை அணைத்துவிட்டு அங்கிருந்தே கத்தினார். நான்கு சலவை இயந்திரங்கள் தடதடத்துக்கொண்டிருந்தன. "ஆஃப் பண்ணிட்டேன், ஆனா ரோலர் இன்னும் நிக்கல, கை வைக்காத" என்று சொன்னாராம். எங்கள் காதில் விழுந்தது "ஆஃப் பண்ணிட்டேன்" மட்டும்தான். அவள் விரிப்பைப் பிடித்து இழுத்தாள். ஓய்ந்துகொண்டிருந்த உருளை அவளுடைய வலது கை விரல்கள் இரண்டை உள்ளே வாங்கிக்கொண்டது.

மூன்றாம் நாள் ஆபீஸ் கிளார்க் ஆஸ்பத்திரிக்கு வந்து வாக்குமூலம் கேட்டார். வலி மருந்தின் மயக்கத்தில் அவள் ஒரே வரி சொன்னாள்: "சூப்பர்வைசர் சொன்னதை நான் முழுசா கேக்கல." அவர் இங்கிலீஷில் எழுதி நீட்டினார். அவள் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

ஆறு வாரம் கழித்து வேலைக்கு வந்தவளை ஒரு கவர் வரவேற்றது. வேண்டுமென்றே கீழ்ப்படியாமல் நடந்ததற்கு இறுதி எச்சரிக்கை. ஆதாரமாக அவளுடைய வாக்குமூலத்தின் நகல்.

அவள் புருஷன் பஸ் டிரைவர். தினமும் முன் சீட்டில் வரும் இங்கிலீஷ் டீச்சரிடம் அந்த வாக்குமூலத் தாளைக் காட்டியிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"இதோ பாரு, கம்ப்ளீட்லின்னு ஒரு வார்த்தை. முழுசான்னு அர்த்தம். நீ சொன்னதுதான்."

"அப்புறம் என்ன தப்பு?"

"அது எந்த வார்த்தையோட ஒட்டுதோ அதை டெர்மினஸ் வரைக்கும் கொண்டுபோய் விட்டுடுமாம். முழுசா காதுல விழலைன்னா, கொஞ்சம் விழுந்துச்சு, மிச்சம் விழலைன்னு ஆகுது. அந்தக் கிளார்க்கு முழுசா அலட்சியம் பண்ணேன்னு எழுதியிருக்காரு. மிச்சமே இல்ல. அதுக்குக் கீழ உன் கையெழுத்து."

"கேக்கலன்னுதானே சொன்னேன்?"

"சொன்ன பேச்சைக் கேக்கலன்னாலும் நம்ம வாயில அதே வார்த்தைதானே வருது? அவருக்கு எது வசதியோ அதை எடுத்துக்கிட்டாரு."

அவள் வெடித்தாள். "பதினொரு நாளா நான் சொன்னதை அவங்க கேக்கலையே, அதை எந்த இங்கிலீஷ்ல எழுதி வெச்சிருக்காங்க?"

மறுநாள் காலை மேனேஜர் கூடத்துக்குள் கால் வைத்ததும் வழியை மறித்தாள். கிளார்க்கும் சூப்பர்வைசரும் பின்னால் நின்றார்கள்.

"ஒரே ஒரு வார்த்தைம்மா. அதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றார் மேனேஜர்.

"ஒரு வார்த்தைதான் சார். அதை வெச்சுத்தான என்னைத் திமிர் பிடிச்சவள்னு எழுதினீங்க? நீங்க வந்து ரோலர் முன்னாடி நில்லுங்க. சூப்பர்வைசர் சார் சுவிட்சுகிட்ட போகட்டும். அன்னைக்குச் சொன்னதை அப்படியே சொல்லட்டும்."

மேனேஜர் சிரிக்கப் பார்த்தார். கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் துண்டைக் கீழே வைத்துவிட்டு நான்கு இயந்திரங்களையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். சுவிட்சருகே போன சூப்பர்வைசர் அங்கிருந்து வாயைத் திறந்தார், கழுத்து நரம்பு புடைத்தது.

"என்ன சார் சொன்னாரு?" என்று கேட்டாள் கறாரக்கா.

மேனேஜர் காதருகே கையை வைத்துக்கொண்டு, "ஆஃப்னு ஏதோ... முழுசா கேக்கலம்மா" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் மாறியது.

"அலட்சியம் பண்ணிட்டீங்களா சார்?"

அவர் கிளார்க்கைத் திரும்பிப் பார்த்தார். கிளார்க் தரையைப் பார்த்தார்.

மத்தியானத்துக்குள் புது வாக்குமூலம் வந்தது. எச்சரிக்கைக் கடிதம் ரத்து. கிளார்க் ஒவ்வொரு வரியையும் இரண்டு மொழியிலும் படித்துக் காட்டினார். அவள் கையெழுத்துப் போடவில்லை.

"கம்பி பழுதா இருந்தது இதுல இல்லையே. நான் மூணு தடவ சொன்னதும் இல்ல."

அதையும் எழுதினார்கள். பிறகுதான் பேனாவை வாங்கினாள்.

மெக்கானிக் மறுநாள் வந்தார். கம்பிக்குப் பின்னால் ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது. நாற்பது நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஒரு குச்சியால் கம்பியைத் தொட்டார், உருளை அப்படியே நின்றது. கறாரக்கா முழு நேரமும் பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்க்கா. பழுதான அன்னைக்கே கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே. நேத்து சாயங்காலந்தான் சொன்னாங்க."

அவள் சூப்பர்வைசரைத் தேடிப் போகவில்லை. குழாயடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அறைந்து அறைந்து கழுவினாள். தோள் குலுங்கியது. அருகில் போன என்னை, "அழலடி, ஆத்திரம்" என்று தள்ளிவிட்டாள்.

விரல்கள் மடங்காததால் அவளை மடிப்பு மேஜைக்கு மாற்றினார்கள். இப்போது என் பக்கத்தில் நிற்கிறாள். சூப்பர்வைசர் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டார், மூன்றாவது தடவை தேநீரோடு வந்தார். கறாரக்கா தலையை நிமிர்த்தவில்லை. தேநீர் ஆறிப் போனது. நான்தான் கொண்டுபோய்க் கொட்டினேன்.