மூன்றாண்டு மன்றமும் அக்காவின் அட்டைகளும்

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. அக்கா காலை 5.35-க்கு எழுந்தார். கதவில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டுகளை எடுத்தார். 5.55-க்குக் காபி. 7.30-க்கு இட்லி, பிறகு மாத்திரை. மழை பெய்ததால் வெளியே நடக்கவில்லை. கூடத்திலேயே முப்பது சுற்று நடந்தார். பத்து முதல் பன்னிரண்டரை வரை அட்டைகள். மாலை நான்கு மணிக்கு மீண்டும் அட்டைகள். 6.20-க்கு எண்ணி முடித்து, பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருந்த கட்டத்தில் பென்சிலால் ஓர் எண்ணை எழுதினார்.

இவை என் நாட்குறிப்பிலிருந்து எடுத்த வரிகள். அது அக்காவின் கடைசி முழு நாள் என்று எழுதும்போது எனக்குத் தெரியாது.

அக்கா 1951-இல் பம்பாயில், மாட்டுங்காவில் பிறந்தார். 1969-இல் அப்பா காலமானபோது அக்காவுக்குப் பதினெட்டு வயது, எனக்கு மூன்று. மறு ஆண்டே கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தின் ரெக்கார்டு செக்ஷனில் வேலைக்குச் சேர்ந்தார். என் படிப்பு, அம்மாவின் வைத்தியம், 1984-இல் நாங்கள் செம்பூருக்குக் குடிவந்த வீடு எல்லாம் அந்த ஒரு வேலையால் நடந்தவை. அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி யாராவது பரிதாபமாகப் பேசினால், "எனக்கு 8.12 லோக்கல் போயிடும்" என்று எழுந்துவிடுவார்.

முப்பத்தொன்பது ஆண்டுகளில் அவர் கையிலிருந்து ஒரு கோப்புகூடத் தொலைந்ததில்லை. ரயில்கள் நின்றுபோன ஒரு பெருமழை நாளில் அக்கா வீடு திரும்பவில்லை. மறுநாள் மதியம் முழங்கால் வரை சேறுடன் நடந்தே வந்து சேர்ந்தார். வாசலில் நின்றபடியே, "கீழ்த்தட்டு ஃபைல் எல்லாம் மேல ஏத்தியாச்சு" என்றார். அம்மா அழுதுகொண்டிருந்ததை அதன் பிறகுதான் கவனித்தார்.

ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு, மாட்டுங்காவில் உள்ள எங்கள் தமிழ் வாசகசாலையில் ஒரு சொற்பொழிவு நடந்தது. 1892-இல் கூடிய பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பம்பாயில் பிறந்தவர் ஒருவர் உறுப்பினராக இருந்ததைப் பேச்சாளர் உணர்ச்சியோடு சொன்னார். கேள்வி நேரத்தில் அக்கா எழுந்தார்.

"அவரோட மொத்தம் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தா?"

"அறுநூற்று எழுபது இடங்கள், மேடம்."

"இடம் சரி. ஆள் எத்தனை? நடுவில போனவா, வந்தவா எல்லாம் சேர்த்து?"

பேச்சாளருக்குத் தெரியவில்லை. அரங்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. திரும்பும் வழியில் டாக்ஸியில் அக்கா சொன்னார்: "நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் மூணு வருஷம் ஒரு சபையில உட்கார்ந்திருக்கார். பக்கத்துல யார் இருந்தா, எதிர்ல யார் இருந்தான்னு நம்மகிட்ட ஒரு லிஸ்ட் இல்லையேடா."

அப்படித் தொடங்கியது. ஆளுக்கு ஓர் அட்டை. தொகுதி, சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் எல்லாம் தமிழில். கோட்டைப் பகுதியில் ஒரு பழைய நூலகத்தில் தூசி படிந்த ஆண்டு மலர்களைப் புரட்டினார். தும்மிக்கொண்டே வீடு வருவார், முகம் மலர்ந்திருக்கும். ஏழாண்டுகள் வரை நீடிக்கலாம் என்று சட்டம் இருந்தும், 1892 ஆகஸ்டில் கூடிய அந்த மன்றம் 1895 ஜூலையில் கலைந்தது. "ஏழு வருஷத்துக்கு வந்தவா மூணே வருஷத்துல மூட்டை கட்டிண்டா" என்று, ஏதோ மாடி வீட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். அங்கே உறுப்பினர் நேரடியாக ராஜினாமா செய்ய முடியாது, பெயருக்கு ஓர் அரசுப் பதவியை ஏற்றுத்தான் வெளியேற முடியும் என்று கண்டுபிடித்த நாளில் என் மனைவி மைதிலியிடம் அரை மணி நேரம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். "நம்ம ஆபீஸ் தேவலை. ஒரு காகிதம் கொடுத்தாப் போறும்."

பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 2023 அக்டோபரில் வாசகசாலையின் ஆண்டு விழாவில், அட்டைகளைப் பார்த்து அக்கா எழுதிய பதிவேடு அலமாரிக்கு ஏறியது. செயலாளர் அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினார். இரண்டு மாதம் முன்புதான் இதய அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. ஆனாலும் அக்கா மேடைக்கு யார் கையையும் பிடிக்காமல் ஏறினார்.

நவம்பர் 2 அன்று, எழுத்துப்பிழை பார்ப்பதற்காக நான் பழைய அட்டைகளைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரே பெயர், ஒரே தொகுதியுடன் இரண்டு முறை வந்தது. தேடினேன். இன்னும் மூன்று பெயர்கள் அப்படியே வந்தன. நால்வரும் அமைச்சர்கள். அந்தக் காலத்தில் அமைச்சர் பதவி ஏற்றவர் தம் தொகுதிக்குத் திரும்பிப் போய் மறுபடி நின்று வெற்றி பெற்று வர வேண்டும். அக்காவின் அலுவலகத்தில், வேலையை விட்டுப் போய்த் திரும்பச் சேர்ந்தவருக்குப் புதிய அட்டை, புதிய எண் போடுவார்கள். அந்தப் பழக்கத்தில் அமைச்சர்களுக்கும் அக்கா புதிய அட்டை எழுதியிருந்தார். பதிவேட்டின் முதல் பக்கத்தில் மொத்தம் இத்தனை பேர் என்று மையில் எழுதியிருந்த எண் தவறு.

நான் சொல்லவில்லை. பதினோரு நாள் கழித்து அக்காவே கேட்டார்.

"என் மூஞ்சியைப் பார்க்காம காபி குடிக்கறே. என்னடா?"

சொன்னேன். அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"டென்ஷன் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே, அக்கா."

"ஹார்ட்டுக்குத்தான்டா ஆபரேஷன். மூளைக்கு இல்லை."

அன்று மாலையே மாட்டுங்காவுக்குப் போனோம். செயலாளர் பதறினார். "மேடம், இதை யார் எண்ணிப் பார்க்கப் போறா? இருந்துட்டுப் போகட்டும்."

"நான் எண்ணிப் பார்ப்பேனே. பொன்னாடை வேணா என்கிட்ட இருக்கட்டும். புஸ்தகத்தைக் கொடுங்கோ."

பதிவேட்டைத் தாமே மார்போடு அணைத்து எடுத்து வந்தார். செம்பூர் வரை என்னிடம் தரவில்லை. உடல்நிலை எத்தனை காலம் இடம் கொடுக்கும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒருநாள் நான், "அமைச்சர்கள் அட்டையை மட்டும் பார்த்தால் போதுமே" என்று சொல்லிப் பார்த்தேன். "ஒரு தப்பு பண்ணவ வேற தப்பு பண்ணலைன்னு யார் சொன்னா?" என்றார். ஏழு மாதம், உருப்பெருக்கிக் கண்ணாடியோடு எல்லா அட்டைகளையும் முதலிலிருந்து பார்த்தார். நடுவில் பிரதமர் மாறிய 1894-இல் மேலும் சிலர் அப்படித் திரும்ப வந்திருந்தார்கள். ஒவ்வொருவரின் இரண்டாவது அட்டையையும் முதல் அட்டையோடு நூலால் தைத்தார். கிழித்து எறியவில்லை. முதல் பக்கத்தில் பழைய எண்ணையும் ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு, அதன் கீழே புதிய கட்டம் வரைந்தார். "தப்பும் ரெக்கார்டுதான்" என்றார்.

ஜூன் 18 மாலை பென்சிலை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ரெக்கார்டு செக்ஷனில் ஒரு விதி உண்டு: மாலையில் ஒருவர் எண்ணியதை மறுநாள் காலை வேறொருவர் எண்ண வேண்டும், இரண்டும் ஒத்தால்தான் மை.

"நாளைக்குக் கார்த்தால நீ எண்ணு. காபிக்கு முன்னாடி. என் நம்பரை மனசுல வெச்சுண்டு எண்ணாதே."

"பார்க்கவே மாட்டேன், அக்கா."

"மைதிலி, இவன் பார்க்காம நீ பார்த்துக்கோ."

மைதிலி அந்தப் பக்கத்தின் மேல் ஒரு காகிதத்தைக் குத்தி மூடினாள்.

19-ஆம் தேதி விடியற்காலை 4.50-க்கு அக்கா உறக்கத்திலேயே காலமானார். வயது எழுபத்து மூன்று. கொட்டும் மழையில் பத்து நிமிடத்தில் வந்த எங்கள் டாக்டருக்கும், லிஃப்ட் நின்றுவிட்டதால் நான்கு மாடி தூக்கி இறக்கிய எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளுக்கும், கோவண்டியிலிருந்தும் விக்ரோலியிலிருந்தும் தண்ணீரில் நடந்து வந்த உறவினர்களுக்கும், அக்காவுடன் பணியாற்றிய தோழியருக்கும், அன்று வாசகசாலையைத் திறக்காமல் எங்களோடு நின்ற செயலாளருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. "உன் அக்கா உனக்கு அம்மா மாதிரி" என்று பலர் ஆறுதல் சொன்னார்கள். உண்மைதான். அவர் எங்கள் வீட்டின் மிகச் சரியான மனிதரும்கூட என்பதை இந்த நினைவு மலரில் பதிவு செய்ய விரும்பினேன்.

19-ஆம் தேதி அட்டைகளை யாரும் தொடவில்லை. மறுநாள், 20-ஆம் தேதி, வியாழக்கிழமை. அஸ்திக்காக ஏழரைக்கு மயானத்திற்குப் போக வேண்டும். 5.35-க்கு எழுந்து, குளித்து, காபிக்கு முன்னால் அக்காவின் மேசைக்குப் போனேன். மைதிலி எதிரில் உட்கார்ந்தாள். ஐம்பது ஐம்பதாகக் கட்டியிருந்த நாடாக்களை அவிழ்த்து எண்ணினேன். நாற்பது நிமிடம் ஆனது. என் எண்ணைத் தனித் தாளில் எழுதி மைதிலியிடம் கொடுத்தேன். அவள் மூடியிருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்து, பேனாவை என் பக்கம் நகர்த்தினாள்.

பென்சில் எண்ணின் மேலேயே மையால் எழுதினேன்.