மூன்று விநாடி நிற்காத பிள்ளை

எங்கள் விளையாட்டுக் கழகத்தின் பத்தாவது ஆண்டு மலருக்குத் தங்கச்சி ஜெசிதாவைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் கிறிஸ்ரோபர் கேட்டார். கேட்டுவிட்டு, "அக்கா, நல்ல விசயங்களை மட்டும் எழுதுங்கோ. பழசைக் கிண்டாதேங்கோ," என்றார். கிண்டத்தான் போகிறேன். அந்தப் பழசை விட்டுவிட்டு ஜெசிதாவைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

2012 செப்ரெம்பர் 18, செவ்வாய்க்கிழமை. ஜெசிதா அப்போது ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து அவசரமாக வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். அம்மா மீன் சந்தையில் கூடையைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டு, உடுத்த சேலையோடு நேரே வந்தார். நானும் கூடப் போனேன். எனக்குப் பதினெட்டு வயது, தையல் பழகிக்கொண்டிருந்தேன்.

வகுப்பாசிரியை கமலாவதி ரீச்சரின் மேசைக்கு முன்னால் இரண்டு கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. அவர் எங்களை இருக்கச் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை மூக்கில் பிடித்தபடி கதைத்தார்.

"உங்கடை பிள்ளை மூண்டு விநாடி ஓரிடத்திலை நிக்கமாட்டாள். கதிரையிலை இருத்தினால் கதிரையும் சேர்ந்து நடக்குது. கடற்கரைப் பிள்ளையளுக்குப் படிப்பு என்னத்துக்கு எண்டு எனக்கு விளங்கேல்லை."

அம்மா "ஓம் ரீச்சர்" என்றார். அதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. மொத்தம் ஏழு தரம். நான் எண்ணினேன்.

பிறகு ரீச்சர் ஜெசிதாவின் கொப்பியை இழுத்துக் கடைசி ஒற்றைத் தாளில் சிவப்பு மையால் எழுதினார்: "இப்பிள்ளையால் மூன்று விநாடிகூட ஓரிடத்தில் நிற்க முடியாது. ஏனைய பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறாள். வேறு பாடசாலை பார்க்கவும்." கீழே ஒப்பமும் திகதியும் இட்டார். வீட்டுக்கு வந்ததும் அந்த ஒற்றையை ஓரம் கிழியாமல் வெட்டி எடுத்தேன். இன்றுவரை வைத்திருக்கிறேன், லமினேற் செய்து.

அடுத்த தவணை வேறு பள்ளிக்கூடம். அங்கேயும் ஜெசிதா வகுப்பில் இருந்ததை விட விறாந்தையில் நின்றதுதான் அதிகம். ஒருநாள் வலைப்பந்து அணிக்கு ஏழாவது ஆள் வரவில்லை. தலைவி ஜெயகௌரி விறாந்தையில் சும்மா நின்றவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"இஞ்சை பார், பந்தை மூண்டு விநாடிக்கு மேலை கையிலை வைச்சிருக்கக் கூடாது. அதுக்குள்ளை எறிஞ்சிட வேணும். விளங்குதே?"

"அவ்வளவு நேரம் என்னத்துக்கு வைச்சிருக்கிறது?" என்று கேட்டாளாம் எங்கள் ஆள்.

அன்று அவளுக்குக் கொடுத்தது நடுவில் நின்று திடல் முழுக்க ஓடும் இடம். நெஞ்சில், சென்ரர் என்பதற்கு "சி" என்று எழுதிய, சட்டைக்கு மேல் போடும் பிப். அதற்குப் பிறகு அந்தப் பிப்பை வேறொருவரும் போடவில்லை.

அடுத்த வருடம் ஆசுப்பத்திரிக் கிளினிக்கில் டொக்ரர் அவள் ஓரிடத்தில் நிற்காததற்கு ஒரு பெயர் சொன்னார்: அவதானக் குறைபாடு. "வேணுமெண்டு செய்யேல்லை அம்மா. மூளை அப்பிடித்தான் வேலை செய்யுது. மருந்தைக் குடுங்கோ. முதல் ஓடவிடுங்கோ, பிறகு இருத்துங்கோ," என்றார். எனக்கு அங்கிருந்தே கமலாவதி ரீச்சரின் வீட்டுக்குப் போகவேண்டும் போலிருந்தது. அம்மா என் கையை விடவில்லை.

பின்னேரங்களில் கோயில் மண்டபச் சுவரில் பந்தை அடித்துப் பிடித்துப் பெருக்கல் வாய்பாடு படித்தோம். ஒரு பிடிக்கு ஒரு வரி. பந்து விழுந்தால் முதலிலிருந்து. அது முடிந்த கையோடு கொப்பியை விரித்தால், முதல் கிழமை நாலு நிமிடம் இருந்தாள். மூன்றாம் மாதம் பத்தொன்பது நிமிடம். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்குச் சி தரச் சித்தி வந்தது. "பிப்பிலையும் சி, கணக்கிலையும் சி," என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். பிறகு மூன்று வருடம் மாவட்ட அணியில் விளையாடினாள்.

இப்போது கிழமை நாட்களில் ஸ்கூட்டியில் பொதிகள் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். சனிக்கிழமைக் காலைகளில் எங்கள் குருநகர்த் திடலில் பதினான்கு பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்குகிறாள். எல்லோரும் வகுப்பில் இருக்கேலாத பிள்ளைகள். அவளிடம் வரிசையில் காத்து நிற்கும் வேலை கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு சொல் மட்டும்: "ஓடு." அல்லது "எறி." யாராவது காகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் பெயர் சொல்லிக் கத்தமாட்டாள், பந்தை அவர் பக்கம் எறிவாள். இருபது நிமிடம் ஓடிய பிறகு பாயில் இருந்து பத்து நிமிடம் வாசிப்பு. தாய்மாரிடம், "இது மருந்துக்குப் பதில் இல்லை. டொக்ரர் தந்ததை நிப்பாட்டிப் போடாதேங்கோ," என்று திரும்பத் திரும்பச் சொல்லுவாள். நல்லூரிலிருந்து வரும் ஒன்பது வயது நிவேதனா போன வருடம் ஒரு பக்கமும் வாசிக்கமாட்டாள். இப்போது ஒரு கதைப் புத்தகத்தை முடித்துவிட்டு, அதைத் தகப்பனுக்கும் விடாமல் சொல்கிறாளாம்.

இந்த வருடம் யூன் 14 எங்கள் சுற்றுப்போட்டி. அழைப்பிதழைப் பார்த்தேன். பிரதம விருந்தினர்: ஓய்வுநிலை ஆசிரியை திருமதி கமலாவதி. யாரோ பெரியவர்கள் சொல்லிக் கிறிஸ்ரோபர் போட்டிருக்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

நான் ரீச்சர் எழுதிய அந்த ஒற்றையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"ரீச்சர் பேசி முடிய, நான் ஏறி இதை மைக்கிலை வாசிக்கப் போறன்," என்று போட்டியன்று காலையில் ஜெசிதாவிடம் சொன்னேன்.

"வேண்டாம் அக்கா. நீ வாசிச்சு முடியுமட்டும் என்ரை பிள்ளையள் இருந்து கேக்கவேணும். அதுகளாலை ஏலாது. சுருக்கமா முடிப்பம்," என்றாள்.

அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. என் வேலையை நான் செய்தேன். முன் வரிசையில் ரீச்சரின் கதிரைக்குப் பக்கத்துக் கதிரையை அம்மாவுக்குப் போட்டேன். சந்தையிலிருந்து அப்படியே வரச்சொன்னேன். "சேலையை மாத்திப்போட்டு வாறனே பிள்ளை," என்றார் அம்மா. "மாத்தவேண்டாம்," என்றேன்.

ரீச்சர் பேசினார். "ஜெசிதா என்னுடைய மாணவி. இந்தப் பிள்ளையின் துடிப்பை முதன்முதலில் இனங்கண்டவள் நான்." சனம் கை தட்டியது. அம்மா தன் கைகளை மடியில் வைத்திருந்தார்.

முதல் பந்தை விருந்தினர் எறிந்து ஆட்டத்தைத் தொடக்கவேண்டும். ரீச்சர் நடு வட்டத்துக்குள் பந்தோடு நின்றார். நடுவர் ஜெசிதா. விசில் ஊதினாள். ரீச்சர் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி கிறிஸ்ரோபரின் கைபேசிக்குச் சிரித்தார். கோட்டுக்கு வெளியே குந்தியிருந்த பதினான்கு பிள்ளைகளும், பழக்கத்தில், பெரிய சத்தமாக எண்ணத் தொடங்கினார்கள்.

"ஒண்டு! ரெண்டு! மூண்டு!"

விசில் மறுபடி ஊதியது.

"பிழை. மூண்டு விநாடிக்கு மேலை வைச்சிருந்திட்டியள், ரீச்சர். பந்து மற்றப் பக்கத்துக்கு."

"நான் ஆடாமல் அசையாமல்தானே நிண்டனான்?"

"அதுதான் ரீச்சர் பிழை," என்று நிவேதனா கத்தினாள். திடல் முழுக்கச் சிரித்தது. ஜெசிதா சிரிக்கவில்லை. பந்தை வாங்கி மற்ற அணியிடம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள்.

அதற்குள் நான் ஒற்றையை ரீச்சரின் கதிரையில் வைத்திருந்தேன், எழுத்து மேலே தெரிய. அவர் வந்தார், எடுத்தார், வாசித்தார். ஒருவரும் அவரை இருக்கச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நின்றபடியே இரண்டாம் தரமும் வாசித்தார். பிறகு குனிந்து, பக்கத்தில் இருந்த அம்மாவிடம் மெல்லக் கேட்டார்:

"இது நான் எழுதினதே?"

அம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"ஓம் ரீச்சர்."

எட்டாவது தரம்.