மடிக்கு வந்த குழந்தை

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ். நிற்பவர்கள் முப்பத்திரண்டு பேர். என் பக்கத்து இருக்கையில் ஒரு கென்யா மாணவன். திருச்சிக்குப் படிக்க வந்து பதினோரு நாள்தான் ஆகிறதாம். காவிரிப் பாலத்தில், நின்றுகொண்டிருக்கும் மஞ்சள் புடவைப் பெண் ஒன்றும் சொல்லாமல் தன் கைக்குழந்தையை அவன் மடியில் வைக்கிறாள். கூட்டம் அவளைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகிறது.

மாம்பழச்சாலையில் ஒன்பது பேர் இறங்குகிறார்கள். பஸ் நகர்கிறது. மஞ்சள் புடவையைக் காணோம்.

அவள் இறங்கிவிட்டாளா என்று ஆங்கிலத்தில் கேட்கிறான். இறங்கியவர்களில் ஏழு பேரின் முகத்தைத்தான் நான் பார்த்தேன். மீதி இருவர்? குழந்தை வீறிடுகிறது. அவன் அதை அணைத்தபடி எழுந்து, "ஸ்டாப்! அம்மா! அம்மா!" என்று கத்துகிறான். கண்டக்டர் விசில் ஊத, பஸ் குலுங்கி நிற்கிறது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் வருகிறாள். "என்ன தம்பி, ரொம்பப் படுத்திட்டானா?"

"இவரை உங்களுக்கு முன்னமே தெரியுமாம்மா?" என்கிறேன்.

"தெரியாதுங்க. உட்கார்ந்திருந்தாரு, கொடுத்தேன்."

அம்மா மண்டபத்தில் அவள் குழந்தையோடு இறங்கிக்கொள்கிறாள். அங்கே வேறொரு பெண் கைக்குழந்தையோடு ஏறுகிறாள். மாணவன் அவசரமாக எழுந்து தன் இடத்தைக் கொடுத்துவிடுகிறான்.