மோட்டார் நின்றுவிட்டால் கரண்டு இல்லை

அந்த லைனுக்காக நான் சைக்கிள் மிதித்த மிதிக்கு, என்னைச் செக்கில் கட்டியிருந்தால் ஊருக்கே எண்ணெய் கிடைத்திருக்கும். அறுபதுகளின் தொடக்கம் அது. ராமநாதபுரத்திலிருந்து பெரியபட்டினம் பக்கம் போகிற பதினோராயிரம் வோல்ட் லைனுக்கு நான் லைன்மேன். ரோட்டோரமாக வருகிற கம்பி பாதி வழியில் பிரிந்து, மணல்காட்டில் இறங்கி, பனங்கூட்டத்துக்குள் நுழைந்து, கடலோரத்துத் தென்னந்தோப்பில் போய் முடியும். யார் அளந்து போட்டானோ, புண்ணியவான், ஒரு பனையைக்கூட விடாமல் உரசிக்கொண்டு போகிற மாதிரி போட்டிருந்தான்.

மார்கழியில் பனி பெய்தால், கம்பத்துப் பீங்கான்களில் அப்பியிருக்கும் உப்பு நனைந்து பொறி பறக்கும். ஆடியில் கச்சான் காற்று அடித்தால் பனைமட்டை கம்பியில் உரசும். எது நடந்தாலும் சப்ஸ்டேஷனில் சுவிட்ச் விழுந்துவிடும். விழுந்தால் விழுந்ததுதான். நான் கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டு கடைசி வரை போய், கோளாறைச் சரிசெய்து, திரும்பி செக்‌ஷன் ஆபீசுக்கு வந்து போனில் “லைன் கிளியர்” என்று சொன்னால்தான் ஆப்பரேட்டர் சுவிட்சைப் போடுவார். ஒரு மட்டை உரசியதற்கு ஒரு பகல் போய்விடும். மணலில் சைக்கிள் ஓடாது. பாதி வழி அது என்மேல் ஏறித்தான் வரும்.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு நிச்சயம் இருந்தது. என் வாயிலிருந்து சொல் வராமல் அந்தக் கம்பியில் கரண்டு வராது. அந்த நிச்சயத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன்.

பனங்கூட்டத்தில் ஒரு பனையேறி இருந்தார். நாற்பது வயதிருக்கும், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் அவர் மனைவியும் மரத்தடியிலேயே குடிசை போட்டு, பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எந்த மரத்து மட்டை எந்தக் கம்பியில் உரசும் என்பது என்னைவிட அவருக்குத்தான் தெரியும். பக்கத்துத் தென்னந்தோப்பில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் ஒன்று விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் பனங்கூட்டம் முழுக்கக் கேட்கும். பகலில் அங்கே கரண்டு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல அதைத் தவிர வேறு ஆள் கிடையாது.

“அண்ணே, மோட்டார் நின்னுட்டா கரண்டு இல்ல. நான் வர்ற வரைக்கும் காத்திருக்காதீக. நீங்களே ஏறி மட்டையை அரிஞ்சு விட்டுருங்க” என்று சொல்லி வைத்தேன்.

“கரண்டு திடீர்னு வந்துராதே தம்பி?”

“நான் சொல்லாம அது எப்படிண்ணே வரும்? எங்கிட்ட கேட்டுத்தான் வரும்.”

எவ்வளவு திமிராகச் சொன்னேன்! நாலு வருஷம் அது அப்படியே நடந்தது. மோட்டார் சத்தம் நின்றதும் அவர் ஏறிவிடுவார். நான் வியர்த்து வழிந்து போய்ச் சேரும்போது மட்டைகள் தரையில் கிடக்கும். அந்தம்மா பனையோலையில் மடித்த பட்டை நிறையப் பதநீர் கொடுப்பார். குடித்துவிட்டுத் திரும்புவேன். தோப்பைக் கவனித்துக்கொண்ட பாய்க்கும் ஒரு கட்டளை போட்டிருந்தேன். மோட்டார் நின்றால், நான் வந்து சொல்லாமல் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அமுக்கக்கூடாது, அரைகுறையாகக் கரண்டு வந்தால் மோட்டார் கருகிவிடும் என்று. நல்ல மனுஷர், அதையும் தட்டாமல் கேட்டார்.

அந்த வருஷம் கச்சான் தொடங்குவதற்கு முன்னால் எஞ்சினியர் ஒரு பெட்டியோடு வந்தார். பெட்டி என்றால் ஆளுயரத்துக்கு, வயிற்றில் எண்ணெய் நிரப்பிய இரும்புப் பெட்டி. ரோட்டிலிருந்து கம்பி பிரிகிற இடத்துக் கம்பத்தில் அதைத் தூக்கி மாட்டினோம். தூக்கி முடிப்பதற்குள் ஆறு பேருக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

“மட்டை உரசினா இது தானா கட் ஆகும். ரெண்டு செகண்டுல தானாவே போட்டுப் பார்க்கும். மூணு தடவை பார்த்தும் கோளாறு போகலேன்னாத்தான் நிக்கும். அப்ப நீ போனாப் போதும். இனிமே நீ புது மாப்பிள்ளை மாதிரி கால் மேல கால் போட்டு உக்காரலாம்” என்றார் எஞ்சினியர்.

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. பொய் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த அலுப்பில் எந்தப் பெட்டியையும் கும்பிட்டிருப்பேன்.

பெட்டியின் அடியில் எண்கள் உருளும் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. எத்தனை தடவை திறந்து மூடியது என்று அது சொல்லும். திங்கள்கிழமை தோறும் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்வது மட்டும்தான் என் வேலை. கச்சான் பிய்த்துக்கொண்டு அடித்தது. எண் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு எண்ணும் நான் மிதிக்காமல் தப்பித்த ஒரு பகல். மூன்று வாரம் நான் மணலில் இறங்கவே இல்லை. பள்ளிவாசலில் சொன்னேன், ரைஸ்மில்லில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், பெட்டி வந்துவிட்டது, இனிக் கரண்டு நிற்காது என்று. ரோட்டோரத்தில் எல்லாருக்கும் சொன்னேன். பனங்கூட்டத்துக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. அங்கே போகாமல் இருக்க முடிந்ததுதான் எனக்குக் கிடைத்த சுகமே.

நான்காவது திங்கள்கிழமை காலை பத்து மணி இருக்கும். பெட்டிக் கம்பத்தின் கீழே நின்று அண்ணாந்து எண்ணைப் படித்துக்கொண்டிருந்தேன். தோப்புப் பாய் தலையில் தேங்காய்ச் சாக்கோடு மணலிலிருந்து ரோட்டுக்கு ஏறி வந்தார்.

“என்ன தம்பி, ஆளையே காணோம்? மோட்டாரு காலையில நின்னது. கரண்டு எப்ப வரும்?”

நான் சிரித்தேன். “கரண்டு எங்க பாய் போச்சு? அது பாட்டுக்கு இருக்கு. பெட்டி கட் பண்ணி உடனே போட்டுரும். ரெண்டு செகண்டுதான்.”

“அப்ப மோட்டாரு ஏன் ஓடல?”

“ரெண்டு செகண்டு போனாலும் ஸ்டார்ட்டர் விழுந்துரும்ல. பச்சைப் பொத்தானை அமுக்குனாத்தான்...”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. கரண்டு போய் வந்துவிடும், மோட்டார் மட்டும் நின்றே கிடக்கும். மோட்டார் சத்தம் இல்லை, கம்பியில் முழுக் கரண்டு.

“பாய், பனையேறி அண்ணன் எங்க?”

“அவரா? மோட்டாரு நின்னதும் அருவாளைச் சொருகிட்டு நின்னாரு. நான் பொறப்படுறப்ப மரத்துல ஏறிக்கிட்டிருந்தாரு. நீதானப்பா சொல்லியிருக்க.”

அங்கிருந்து பனங்கூட்டம் இரண்டரை மைல். கத்தினால் கேட்காது. பெட்டியை நிறுத்துவதற்கு அடியில் ஒரு மஞ்சள் கைப்பிடி உண்டு. கீழே நின்றபடி நீளக் கழியால் கொக்கி போட்டு அதை இழுக்க வேண்டும். கழி ஆபீஸ் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. இனி எதற்கு அந்தச் சுமை என்று நான்தான் மாட்டிவிட்டு வந்திருந்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டிய நேரம், ஆனால் நேரம் இல்லை.

கம்பத்தில் வெறும் கையோடு ஏறினேன். பெட்டிக்கு மேலே இரண்டு முழத்தில் கரண்டோடு கம்பி. காற்றில் சட்டை படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தச் சட்டை நுனி மேலே பறந்து பட்டால்கூடப் போதும். ஒரு கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, தலையை உள்ளே இழுத்து, மறு கையால் மஞ்சள் கைப்பிடியைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்தேன். உள்ளே தடக்கென்று ஒரு சத்தம். நின்றது.

“பாய், இந்தக் கம்பத்தை யாரையும் தொட விடாதீக” என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். மணல் வந்ததும் போட்டுவிட்டு ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. வழியெல்லாம் ஒரே நினைப்புதான்: நான் கைப்பிடியை இழுத்தது முன்னாலா, அவர் மட்டையைப் பிடித்தது முன்னாலா? அந்தம்மா கத்துகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓடினேன். காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

அவர் மரத்தில் இருந்தார். உயிரோடு இருந்தார். இடுப்பு நார் மரத்தைச் சுற்றி இருக்க, சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஒரு பச்சை மட்டை பாதி அறுபட்டு, அதன் நுனி கம்பியின் மேல் விழுந்து, அடிப்பக்கம் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

“வாப்பா தம்பி! மூணு வாரமா எங்க போன? இந்தா, இது ஒண்ணுதான் பாக்கி. கம்பி மேல விழுந்துருச்சு, கையால இழுத்து விட்டுர்றேன். வாயில வெத்தலை இருக்கேன்னு ஒரு நிமிசம் உக்காந்தேன்.”

“அண்ணே, எறங்குங்க” என்றேன். காற்று அதை அடித்துக்கொண்டு போனது. மறுபடியும் சொன்னேன்.

இறங்கி வந்தார். குடிசையிலிருந்து அந்தம்மா பதநீர்ப் பட்டையோடு வந்து நின்றார். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பெட்டி, இரண்டு செகண்டு, மோட்டார், எல்லாம். அவர் நிதானமாகக் கேட்டார். பிறகு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“போன வாரமும் ரெண்டு மரம் அரிஞ்சேன் தம்பி. காஞ்ச மட்டை. இழுக்குறப்ப கை லேசா மரத்துப் போச்சு. நார் இறுக்கிருச்சுன்னு நெனச்சேன்.”

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவரே கேட்டார். “அப்ப இனிமே கரண்டு இல்லைன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதுண்ணே.”

அந்தம்மா பதநீர்ப் பட்டையை என்னிடம் தரவில்லை. மணலில் கொட்டினார். “ஏய்யா, நாலு வருசமா இவரு ஏறுனது ஒன் வேலைதானய்யா? ஒன் காலு வலிக்குதுன்னு எம் புருசனை ஏத்திவிட்ட. போகுது. இப்ப சாவு தொங்குறப்பக்கூட வந்து ஒரு வார்த்தை சொல்ல ஒனக்குக் காலு வரலையா?”

அந்தம்மா சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எஞ்சினியர் மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன், பெட்டி மேல் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. பெட்டி அதன் வேலையைச் சரியாகச் செய்தது. செய்யாதவன் நான்.

அந்த மட்டையை அப்படியே விடவும் முடியாது. கரண்டு வந்தால் பொறி பறக்கும், பக்கத்தில் தொங்குகிற காய்ந்த ஓலையெல்லாம் பற்றிக்கொள்ளும். எனக்குக் கம்பம் ஏறத் தெரியும், பனை ஏறத் தெரியாது. அவர்தான் ஏறியாக வேண்டும். அவர் அரிவாளை எடுத்தார். அந்தம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“கரண்டு இல்லைன்னு இவரு இன்னமும் வாயாலதான் சொல்றாரு. மொதல்ல இவரு கையை வைக்கட்டும். பெறகு நீங்க ஏறுங்க.”

தோளில் கிடந்த ஆபீஸ் பையில் சங்கிலி இருந்தது. தப்பித் தவறிக் கரண்டு வந்தாலும் மண்ணுக்குள் போய்விடும்படி, அதைக் கம்பியின் மேல் வீசி, மறுமுனையை மண்ணில் அடித்த இரும்பில் கட்டினேன். கம்பத்தில் ஏறினேன். கைப்பிடியை இழுத்தவன் நான், சங்கிலி போட்டவன் நான், பெட்டிக் கம்பத்தடியில் காவலுக்கு நிற்பது பாய். எல்லாம் தெரியும். இருந்தும் கண்ணை மூடிக்கொண்டுதான் கையைக் கம்பியில் வைத்தேன்.

அந்தப் பகுதியில் நான் இருந்த மிச்ச வருஷங்கள் முழுக்க அதுதான் வழக்கமாயிற்று. பத்து நாளைக்கு ஒரு தடவை நானே பெட்டியை நிறுத்துவேன், கைப்பிடியில் பூட்டுப் போட்டுச் சாவியை மடியில் கட்டிக்கொள்வேன், மணலில் சைக்கிளைச் சுமந்துகொண்டு போவேன். தானியங்கிப் பெட்டி வைத்த பிறகும் உன் லைனில் மட்டும் ஏன் கையால் இத்தனை தடவை நிறுத்துகிறாய் என்று ஆபீசிலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. மட்டை வெட்ட என்று எழுதி அனுப்பினேன். மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் அதையே எழுதினேன். உட்கார்ந்து காலை நீட்டலாம் என்று நினைத்த வேலை, முன்னைவிட இரண்டு மடங்காயிற்று. அலுப்பாக இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பாதரசம் மாதிரி வெயில் அடிக்கும். கம்பி அதில் காய்ந்து சூடேறிக் கிடக்கும். உள்ளங்கையை வைத்ததும் சுரீரென்று சுடும். வெயில் சூடுதான் என்று தெரிந்தாலும், ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி செத்துத்தான் பிழைத்தேன். அந்தம்மா கீழே இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். நான் கையை எடுத்த பிறகுதான் புருஷன் பக்கம் திரும்பி, “ஏறுங்க” என்பார்.