செருப்பைத் தேடாதே

என் தம்பிக்குப் பல்லியைக் கண்டாலே உயிர் போய்விடும். கல்லூரிக்குப் போன பிறகுதான் வாய் முளைத்தது. விடுதிச் சோற்றில் புழு கிடந்ததென்று மாணவர்களைத் திரட்டி உண்ணாவிரதம் உட்கார்ந்தான். "சாப்பாட்டுக்காகப் பட்டினி கெடக்கற மொத ஆளு நீதான்டா" என்று கிண்டல் செய்தேன். அவனும் சிரித்தான்.

அடுத்த வருடம் கட்டண உயர்வை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். போலீஸ் அடித்த அடியில் அவனுடைய அறைத்தோழன் செத்துப்போனான். அதற்காக ஒருவருக்கும் தண்டனை இல்லை. "கத்திக் கத்திப் பாத்தாச்சுக்கா. அவங்களுக்குக் காதே கேக்கல" என்றான் தம்பி. மறுநாள் ஆளைக் காணோம். தேடப்படுகிறவர்களின் சுவரொட்டியில் அவன் முகத்தைப் பார்த்துத்தான், துப்பாக்கி தூக்கிவிட்டான் என்று தெரிந்துகொண்டோம். அதிலிருந்து, வாசலில் வண்டி நின்றால் அம்மா நடுங்குவாள். நான் மட்டும் பெரிய தைரியசாலியா என்ன? சன்னல் இடுக்கில் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன்.

மின்சார அலுவலகத்தில் நான் தொலைபேசி ஆபரேட்டர். கரண்ட் போனால் ஊரார் திட்டுவதைக் கேட்டுக்கொள்ளச் சம்பளம். அன்று காலை வந்த அழைப்பில் திட்டு இல்லை. வாயைத் துணியால் மூடிக்கொண்டு ஒருவன் பேசினான்.

"வெளிய போ. இப்பவே. செருப்பத் தேடிட்டு நிக்காத."

பள்ளிக்கூட நாட்களில் தினமும் செருப்பைத் தேடித் தம்பியையும் தாமதமாக்கியவள் நான். வெறுங்காலோடு எழுந்து, "எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவர் மேல் ஒருவர் விழுந்து படியிறங்கினோம். மாடியில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கக் காவலாளி அண்ணன் மறுபடி உள்ளே போனார். அப்போதுதான் வெடித்தது. அவர் திரும்பி வரவில்லை.

எங்கள் அலுவலகத்துக்கு வரும் அழைப்பெல்லாம் பதிவாகும். மாலையில் போலீஸ் அதிகாரி அதைப் போட்டுக் காட்டினார்.

"யாரும்மா இது? தெரிஞ்ச குரலா?"

தெரியாது என்றால் நம்பிவிடுவார் போலத்தான் இருந்தது. தெரியும் என்றால் தம்பியைப் பிடித்துச் சுட்டுவிடுவார்கள்.

"இன்னொரு தடவ போடுங்க சார்."

கேட்டேன். என்மேல் எவ்வளவு பாசம் அந்தக் குரலில்! மற்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்து அவன் வெடி வைக்கும் கட்டிடத்தில் அவனுடைய அக்கா வேலை பார்க்கமாட்டாள்.

"என் தம்பி சார்" என்றேன்.

அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.