பிள்ளை பெற்ற வீட்டுப் பூண்டு

கோடைக்கானலில் ஒரு பெரிய விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு என் வீட்டுக்காரர்தான் ஸ்டோர் பார்த்தார். அரிசி, பருப்பு, காய்கறி, விறகு, விளக்குத்திரி வரைக்கும் யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்வது அவர் வேலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மூட்டை மூட்டையாகக் காய் வாங்குகிறவர் வீட்டில் கூட்டுக்கு ஒரு கேரட் இருக்காது. நான்தான் சந்தைக்குப் போய்ப் பேரம் பேசி வாங்கிவர வேண்டும். அதிலும் பள்ளிக்கூடத்துக்குக் காய் போடுகிற கடையில் வாங்கக் கூடாது. எனக்கு விலையைக் குறைத்துவிடுவார்களாம். குறைத்தால் உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்பேன். மீசையைத் தடவிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

ஒரு பொங்கலுக்குக் கடைவீதி வியாபாரி ஒருவர் எங்கள் வாசலில் ஒரு கட்டுக் கரும்பைச் சாத்திவைத்துவிட்டுப் போனார். இவர் குளித்துவிட்டு வந்து பார்த்தார். தோளில் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். ஏரிப் பக்கமிருந்து கடைவீதி வரைக்கும் கரும்புக்கட்டோடு போனவரைப் பார்த்து, "ஸ்டோரய்யா பழனிக்குக் காவடி எடுத்துட்டாருடோய்" என்று எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். வியாபாரியும் சிரித்துக்கொண்டே, "தேன் எடுத்தவன் பொறங்கைய நக்காம இருப்பானாங்க? ஊரு ஒலகத்துல நடக்கிறதுதானே" என்றாராம். "பக்கத்துல தண்ணி இருந்தா கழுவிக்கிருவான்" என்று சொல்லிவிட்டு இவர் திரும்பி வந்தார். கரும்பு போன கோபத்தில் அன்றைக்கு நான் பேசவில்லை. ஆனால் அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு உருளைக்கிழங்கு மட்டும் வருஷம் முழுக்க ஒரே ஆளிடம் வாங்குவார்கள். பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் விற்கிறவர்கள் ஆளுக்கொரு சாம்பிள் மூட்டை கொண்டுவந்து வைப்பார்கள். இவர் ஒவ்வொரு மூட்டையையும் தலைகீழாகக் கொட்டிவிடுவார். ஏனென்றால் மேலே தேங்காய் மாதிரிக் கிழங்கும் அடியில் கோலிக்குண்டுமாக வைத்துத் தைக்கிற சாமர்த்தியம் பல பேரிடம் இருந்தது. மன்னவனூரிலிருந்து மட்டக்குதிரைகளில் ஏற்றிவருகிற ஒருவருடைய மூட்டையில் மட்டும் மேலும் கீழும் ஒன்றாக இருக்கும். சொந்த நிலத்தில் கிழங்கும் பூண்டும் போடுகிறவர். சில வருஷங்களாக அவருடைய கிழங்குதான் பள்ளிக்கூடத்தில் வெந்தது. இவருக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். பிடிக்கும் என்பதற்காகவே அவரிடம் மட்டும் கூடுதலாக விறைத்துக்கொண்டு நிற்பார். அந்தக் கூத்தை யாரிடம் சொல்வது.

எங்கள் மகள் பிறந்தது இந்த மூட்டை கொட்டுகிற சமயத்தில். எனக்கு அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. பிறந்த வீட்டிலிருந்து எட்டிப் பார்க்க ஓர் ஆள் இல்லாமல், கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் குழந்தையோடு படுத்துக் கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்த மன்னவனூர்க்காரரும் அவர் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். அந்தம்மா ஒரு பை நிறைய மலைப்பூண்டை என் பக்கத்தில் வைத்தார்.

"வாட்டித் தின்னு தாயி. பால் நல்லா ஊறும். குளுருக்கும் ஒடம்பு தாங்கும்."

மன்னவனூர்க்காரர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார். "ஒனக்குப் பொறந்த வீட்டுல யாருமில்லேன்னு சந்தையில சொன்னாக. நான் இருக்கேன் தங்கச்சி. அண்ணன் வீட்டுப் பூண்டுன்னு நெனச்சுக்க" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து என்னை யாரும் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை.

மத்தியானம் இவர் சாப்பிட வந்தார். பையைப் பார்த்தார். யார் கொடுத்தது என்று கேட்டார். நான் சந்தோஷமாகச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "இது கெழங்கு எடுக்கிற வாரம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நான் படுக்கையிலிருந்து கத்தியது காதில் ஏறவில்லை. நேரே சந்தைக்குப் போய், நாலு பேர் பார்க்க, பூண்டை அவரிடமே கொடுத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொண்டுபோன பொருள் திரும்பி வரக் கூடாது. வந்தால் உறவே வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம். விறகில் ஈரம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்தே சொல்கிற மனிதருக்கு இது தெரியவில்லை. மன்னவனூர்க்காரர் பையை வாங்கிக்கொண்டாராம். சாம்பிள் மூட்டையைக் குதிரையிலிருந்து இறக்கவும் இல்லை. அந்தம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குதிரைக்குப் பின்னால் நடந்து போனதைப் பக்கத்து வீட்டக்கா வந்து சொன்னாள்.

இவர் வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அவரு கெழங்கு நல்ல கெழங்கு. அதை எடுத்தா பூண்டுக்காக எடுத்தேம்பாக. எடுக்காட்டி, பூண்ட வாங்கித் தின்னுட்டு ஏமாத்திட்டேன்னு அவரு நெனப்பாரு. நான் என்ன செய்ய?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. "எனக்கு ஒரே ஒரு அண்ணன் கெடைச்சாரு. அவரைத் திருப்பிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றேன். அதற்கு மேல் அவர் சாப்பாட்டைத் தொடவில்லை.

மறுநாள் வெள்ளனே பள்ளிக்கூட மேனேஜரம்மாவிடம் போயிருக்கிறார். "இந்த வருஷம் உருளைக்கிழங்கை நீங்களே பார்த்து எடுங்க. விக்க வர்றவங்கள்ல ஒருத்தர் என் மனைவிக்கு அண்ணன்" என்றாராம். அந்த வெள்ளைக்காரம்மாவுக்குத் தமிழ் நன்றாக வரும். "உங்க மனைவிக்கு அண்ணனே கிடையாதே" என்று கேட்டிருக்கிறார். "நேத்துக் கிடைச்சாரு, நான்தான் தொலைச்சுட்டேன். இப்பத் தேடிக்கிட்டுப் போறேன்" என்று இவர் சொன்னாராம். இவருக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்பதே எனக்குப் புதிது.

லாரி போகிற வரைக்கும் லாரியில் போய், மிச்சத்தை நடந்து, மன்னவனூருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே நடந்ததை அந்தம்மா பின்னால் எனக்குச் சொன்னார். களத்தில் வந்து நின்று, "அந்தப் பூண்டக் குடுங்க, தெரியாமத் திருப்பிட்டேன்" என்று கேட்டாராம். அவர்கள் மனம் இளகுவதற்குள், "ஆனா ஒண்ணு. ஒறவுன்னு ஆயிட்டா இனிமே ஒங்க மூட்டைய நான் தொட மாட்டேன். மேனேஜரம்மாதான் பாப்பாங்க. எடுத்தாலும் எடுப்பாங்க, விட்டாலும் விடுவாங்க. யோசிச்சுக் குடுங்க" என்றும் சொல்லிவிட்டாராம். அந்தம்மாவுக்கு, இப்படியும் ஒரு மனுஷனா என்று ஆகிவிட்டது. மன்னவனூர்க்காரர் உள்ளே போய்ப் பூண்டுப் பையை எடுத்துவந்து இவர் கையில் கொடுத்தார். அந்தப் பூண்டை நான் தின்றேன், என் மகளுக்குப் பால் ஊறியது.

கிழங்கு எடுக்கிற நாள் வந்தது. அண்ணனும் தன் மூட்டையைக் கொண்டுவந்து வரிசையில் வைத்திருந்தார். மேனேஜரம்மா ஒவ்வொரு மூட்டையின் வாயையும் அவிழ்த்துப் பார்த்தார். கரும்பு கொடுத்த வியாபாரியின் மூட்டையில் மேல்வரிசை பளபளவென்று இருந்தது. அதையே எடுத்துவிட்டார். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாராம். "கொட்டிப் பாருங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று கேட்டேன். "யாருக்காகச் சொல்றேன்னு அவங்களுக்குத் தெரியாதா?" என்றார். அந்த வருஷம் பிள்ளைகள் கோலிக்குண்டுக் கிழங்கைத்தான் தின்றார்கள். அவர் வாய் திறக்காதது சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கும் முடிவாகத் தெரியவில்லை.

மன்னவனூர்க் கிழங்கு அத்தனையும் மலையிறங்கி, வத்தலக்குண்டில் வாங்குகிறவர்கள் கேட்ட குறைந்த விலைக்குப் போனது. எங்கள் உறவால்தான் அந்த வீட்டுக்கு இந்த நஷ்டம். இனி அண்ணன் எங்கே வரப்போகிறார்? இவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வத்தலக்குண்டிலிருந்து ஊருக்குத் திரும்புகிற வழியில் அண்ணன் வந்தார். தலைப்பாகையை அவிழ்த்து உதறினார். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. இவரைத் தாண்டி நேராக அடுப்படிப் பக்கம் வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதுவரைக்கும் இவரை ஐயா என்றுதான் கூப்பிடுவார்.

"மாப்ளே, இத்தன வருசமா ஒங்க வாசல்ல ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சதில்ல. கெழங்கு விக்கிறவன்னு நீங்களும் குடுக்க மாட்டீங்க, நானும் கேக்க முடியாது. இப்பத்தான் விக்கலையே. வெரசா சோத்தப் போடுங்க" என்றார்.

நான் எழுவதற்குள் இவர் போய்த் தட்டை எடுத்து வைத்தார். சோற்றை அள்ளிப் போட்ட அவசரத்தில் பாதி தரையில் விழுந்தது. அண்ணன் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். அப்புறம் தட்டை இவர் பக்கம் நகர்த்தி, இன்னுங் கொஞ்சம் என்று கேட்டார்.